வலிக்காத வீக்கம்: தாடையில் பல்வழிக் கட்டிகளைக் கண்டறிதல்

தமிழில் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சீழ் கோத்தாலும் கட்டி, நீர் கோத்தாலும் கட்டி, சதை வளர்ந்தாலும் கட்டி, வெல்லம் உறைந்தாலும் கட்டி. மருத்துவர் ‘இது புற்று இல்லை’ என்று சொன்ன மறுநிமிடமே ‘சாதாரணக் கட்டிதானாம்’ என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறோம். கலைச்சொல் ஆக்கியவர்களும் ‘தீங்கற்ற கட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். உடம்பின் மற்ற இடங்களில் இந்தப் பெயர் ஓரளவு பொருந்தலாம். தாடை எலும்பைப் பொறுத்தமட்டில் இது ஆளை ஏமாற்றும் பெயர். அங்கே ‘புற்று இல்லை’ என்பது நோயறிதலின் முடிவு அல்ல, தொடக்கம். புற்று இல்லையென்றால் பின் எது என்ற கேள்விக்கு விடை கிடைத்தால்தான் சுரண்டி எடுப்பதா, எலும்போடு வெட்டி எடுப்பதா, அல்லது தொடாமல் விடுவதா என்று முடிவு செய்ய முடியும்.

இதை எழுத எனக்கென்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நான் வைத்தியம் படித்தவனல்லன். மும்பையில் மஸ்ஜித் பந்தரிலும் பிறகு வாசியிலும் பருப்பு மொத்த வியாபாரம் செய்து பிழைத்தவன். இந்தப் படிப்புக்குள் என்னை இழுத்து வந்தவன் என் தங்கை மகன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். 2004இல் அவனுக்கு இருபத்திரண்டு வயது. இடப்பக்கக் கீழ்த்தாடையில், காதுக்குச் சற்றுக் கீழே, ஒரு புடைப்பு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. உள்ளூரில் பார்த்த ஒருவர் கடைவாய்ப்பல் சொத்தை என்று பல்லைப் பிடுங்கி மாத்திரை கொடுத்தார். புடைப்பு அப்படியே இருந்தது. இரண்டு வருஷத்தில் இன்னொரு பல்லும் போயிற்று. தங்கையோ, “வலியே இல்லைங்கறான் அண்ணா, எல்லாம் தானா வத்திடும்” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாணப் போட்டோவில் முகம் ஒருபக்கம் கோணலாகத் தெரிந்த பிறகுதான் 2006இல் இங்கே அழைத்து வந்தார்கள். பெரிய எக்ஸ்ரே எடுத்து, சதை எடுத்துப் பரிசோதித்து, ‘அமெலோபிளாஸ்டோமா’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயருக்குப் பொருள் தெரிய வேண்டும் என்று கோட்டைப் பகுதி நடைபாதையில் பழைய பல் மருத்துவப் புத்தகங்களை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். படிப்பு இன்றுவரை நிற்கவில்லை.

முதலில் இந்தக் கட்டிகள் தாடையில் மட்டும் ஏன் வருகின்றன என்பதைப் பார்ப்போம். தொடை எலும்பிலோ முதுகெலும்பிலோ பல் முளைப்பதில்லை. தாடையில் முளைக்கிறது. தாயின் வயிற்றில் குழந்தை ஏறத்தாழ ஆறு வாரக் கருவாக இருக்கும்போதே வாயின் மேல்தோல் உள்நோக்கி மடிந்து, பல்லுக்கான முளைகளைப் போட ஆரம்பிக்கிறது. ஒரு வகைச் செல்கள் பல்லின் மேலிருக்கும் எனாமலைக் கட்டுகின்றன, வேறு வகை உள்ளிருக்கும் டென்டினைக் கட்டுகின்றன. வேலை முடிந்ததும் கொத்தனார்கள் ஊருக்குப் போய்விடுவதுபோல எனாமல் கட்டிய செல்கள் மறைந்துவிடும். எல்லாரும் போய்விடுவதில்லை, சிலர் தங்கிவிடுகிறார்கள் என்பதுதான் சங்கதி. பல் வேரைச் சுற்றியுள்ள நாரில் இப்படித் தங்கிய செல் தீவுகளை 1885இல் பிரெஞ்சுக்காரரான மலசே விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அவற்றைச் சொல்கிறார்கள். ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் வேறு மிச்சங்களும் உண்டு. பத்திருபது வருஷம், சிலருக்கு நாற்பது வருஷம் கூடச் சும்மா கிடந்த செல்கள் ஏதோ ஒரு நாள் மீண்டும் வேலை தொடங்கினால் அதுவே பல்வழிக் கட்டி. அதனால்தான் இவற்றின் பெயர் முழுக்கப் பல் கட்டும் வேலையின் சொற்களாக இருக்கின்றன.

அந்தச் செல்கள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்பதில்தான் கட்டியின் குணம் அடங்கியிருக்கிறது. சிலவற்றில் எனாமல், டென்டின் எல்லாம் முறைப்படி உருவாகிவிடும், பல் என்ற ஒழுங்கு மட்டும் இராது. இது ஓடோன்டோமா. நம் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 2014இல் பதினேழு வயதுப் பையன் ஒருவனின் தாடையிலிருந்து 232 பற்களை எடுத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். 2019இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து எடுத்த ஒரு பை போன்ற கட்டிக்குள் 526 குட்டிப் பற்கள் இருந்தன. மொத்தம் சுமார் 200 கிராம். கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கூட்டத்திலேயே சாதுவானது இதுதான். சரியாக எடுத்துவிட்டால் திரும்பி வருவது அபூர்வம். பெரும்பாலும் ஒரு வலியும் இல்லாமல், ‘பிள்ளைக்குப் பால்பல் விழுந்து நாளாச்சு, புதுப்பல்லைக் காணோமே’ என்று எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும்.

அமெலோபிளாஸ்டோமா இதற்கு நேர் எதிர். எனாமல் கட்டும் செல்லின் வடிவத்தை எடுக்கும், எனாமலை மட்டும் கட்டாது. கட்டுமானம் இல்லாமல் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டே போகும். வயதுக்கு வந்தவர்களிடம் வரும், பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில். பத்தில் எட்டு கீழ்த்தாடையில்தான் என்று நூல்கள் சொல்கின்றன. 1930இல் ஐவி, சர்ச்சில் என்ற இருவர் கொடுத்த பெயர் இது. அதற்கு முன் ‘அடமான்டினோமா’ என்றார்கள். பழைய புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இனி கண்டறியும் முறைக்கு வருவோம். முதல் கருவி மருத்துவரின் காதும் கையும்தான். எத்தனை நாளாக இருக்கிறது, வேகமாக வளர்ந்ததா மெதுவாகவா, வலி உண்டா, கீழுதடு மரத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வலியில்லாமல் மெல்ல வளர்ந்தது என்றால் பல்வழிக் கட்டியின் பக்கம் எண்ணம் போக வேண்டும். சொத்தைப்பல் சீழ் இப்படிப் பொறுமையாக இருக்காது, ராத்திரி தூங்க விடாது. உதடு மரத்துப்போனாலோ, பற்கள் திடீரென்று ஆட ஆரம்பித்தாலோ, புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ சங்கதி வேறு. புற்றையும் எண்ணி அவசரமாகப் பார்க்க வேண்டியது அது.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. தொடக்கத்தில் புடைப்பு கல்போல இருக்கும், ஏனென்றால் தொடுவது எலும்பையே. உள்ளே கட்டி வளர வளர எலும்பு வெளிப்பக்கம் தள்ளப்பட்டு மெலிகிறது. ஒரு கட்டத்தில் அமுக்கினால் முட்டை ஓடு நொறுங்குவது போன்ற ஒரு சிறு சத்தம் விரலுக்குத் தட்டுப்படும். இன்னும் மெலிந்தால் பந்துபோல அமுங்கும். தாடையின் கன்னத்துப் பக்கம் மட்டுமல்ல, நாக்குப் பக்கமும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அமெலோபிளாஸ்டோமா இரண்டு பக்கமும் தள்ளும். கெரட்டோசிஸ்ட் என்றொரு பை உண்டு. அது பக்கவாட்டில் அதிகம் புடைக்காமல் எலும்பின் நீளவாட்டத்தில் சுரங்கம்போல ஓடும், அதனால் முகத்தில் ஒன்றும் தெரியாது.

பிறகு அங்குள்ள பற்களுக்கு உயிர் இருக்கிறதா என்ற சோதனை. குளிர்ச்சியை வைத்துப் பார்ப்பார்கள், அல்லது லேசான மின்சாரம். இது சின்ன வேலைதான், ஐந்து நிமிடம் ஆகாது. என் தங்கை மகன் விஷயத்தில் யாரும் செய்யாமல் விட்டதும் இதுதான். பல் செத்து அதன் வேர் நுனியில் உண்டான பை என்றால் அந்தப் பல் குளிருக்குக் கூசாது. எலும்பில் பெரிய குழி இருக்கிறது, ஆனால் மேலுள்ள பற்கள் எல்லாம் உயிரோடு கூசுகின்றன என்றால் நோய் பல்லிலிருந்து வந்ததல்ல. பல்லைப் பிடுங்கிப் பயனில்லை. பயனில்லாதது மட்டுமல்ல, பிடுங்கிய குழி வழியாக வாயின் கிருமி கட்டிக்குள் போய்ச் சீழும் சேர்ந்துகொண்டு உண்மை உருவத்தை மறைத்துவிடும்.

அடுத்தது படம். பல் வைத்தியத்தில் பழக்கமான சின்ன பிலிம் இரண்டு மூன்று பல்லைத்தான் காட்டும். பின்லாந்துக்காரர் பாட்டெரோ 1950களில் உருவாக்கிய முறையில் காதிலிருந்து காது வரை இரண்டு தாடையையும் ஒரே படத்தில் விரித்துப் பார்க்கலாம். இதையே நாம் ஓ.பி.ஜி. என்கிறோம். பின் தாடையில் புடைப்பு என்றால் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்தப் படத்தை. இதற்கும் குறை உண்டு. வளைந்த தாடையைத் தட்டையாக்கிக் காட்டுவதால் அகலம் தெரியாது, அளவும் சற்றுப் பெருத்துத் தெரியும். அகலத்துக்கும் ஆழத்துக்கும் சி.டி. அல்லது சி.பி.சி.டி. என்னும் கூம்புக்கதிர் ஸ்கேன் வேண்டும். கட்டி எலும்பைத் தாண்டிச் சதைக்குள் போயிருக்கிறதா என்று தெரிய எம்.ஆர்.ஐ. உதவும்.

படத்தில் என்ன பார்ப்பார்கள்? எலும்பு வெள்ளை, குழி கறுப்பு. பல அறைகளாகப் பிரிந்த கறுப்பு, சோப்பு நுரை அல்லது தேனடை போல இருந்தால் அமெலோபிளாஸ்டோமாவை நினைப்பார்கள். பக்கத்துப் பல் வேர்கள் கத்தியால் சீவியதுபோல் அறுந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். முளைக்காத பல்லின் தலையை மட்டும் சுற்றி ஒரே அறையாகக் கறுப்பு இருந்தால் பல் முளைப்பைப் பை. அதே கறுப்பு பதின்ம வயதுப் பெண்ணின் மேல்தாடையில், முளைக்காத கோரைப்பல்லைச் சுற்றி, வேரையும் சேர்த்து மூடியிருந்தால், உள்ளே சுண்ணப் பொடி தூவியதுபோல வெள்ளைப் புள்ளியும் இருந்தால், அடினமாட்டாய்ட் கட்டி என்ற சாதுவான வகையாக இருக்கலாம். கறுப்பு விளிம்புக்குள் வெள்ளையாகக் குட்டிப் பற்கள் குவிந்திருந்தால் ஓடோன்டோமா என்று படத்தைப் பார்த்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேரோடு ஒட்டிய வெள்ளை உருண்டை, சுற்றிலும் கறுப்புக் கோடு, கூடவே வலி என்றால் சிமெண்டோபிளாஸ்டோமா. இந்த ஒன்று மட்டும் வலிக்கும். ஆக வலியை அளவுகோலாக வைத்தால் இங்கே எல்லாம் தலைகீழ்.

ஆனால் படம் சாட்சிதான், தீர்ப்பு அல்ல. தேனடை உருவம் கெரட்டோசிஸ்டிலும் வரும், மிக்ஸோமா என்ற கொழகொழப்பான கட்டியிலும் வரும், இராட்சதச் செல் புண்ணிலும் வரும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி கெட்டு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறினாலும் தாடையில் அதேபோல் குழி விழும். அங்கே தாடையை வெட்டுவது பாவம், சுரப்பியைச் சரிசெய்ய வேண்டும். இரத்தத்தில் கால்சியம் பார்த்தால் தெரிந்துவிடும்.

கத்தி வைப்பதற்கு முன் ஊசி. குழிக்குள் ஊசியைச் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பது பழைய முறை, இன்றும் விடக் கூடாத முறை. வைக்கோல் நிறத்தில், மினுமினுக்கும் துகள்களோடு நீர் வந்தால் சாதாரணப் பை. பாலேடு கட்டி போல வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் கெரட்டோசிஸ்ட். ஒன்றுமே வரவில்லை என்றால் உள்ளே சதைக் கட்டி. பளிச்சென்ற சிவப்பு இரத்தம் தானாகவே பீச்சிக்கொண்டு ஏறினால் ஊசியை எடுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். அது எலும்புக்குள் இரத்தக் குழாய்களின் முடிச்சு. அந்த இடத்தில் தெரியாமல் ஒரு பல்லைப் பிடுங்கினால் நாற்காலியிலேயே உயிர் போகலாம்.

கடைசியாகச் சதைச் சோதனை. எங்கள் தொழிலில் குத்தூசி என்று ஒன்று உண்டு. மூட்டையைப் பிரிக்காமல் குத்தி எடுத்தால் கைப்பிடிப் பருப்பு வந்துவிடும். மூட்டை வாயிலே குத்தி எடுத்த பருப்பை நம்பி வாங்கியவன் பிழைத்ததில்லை, நடுவிலும் அடியிலும் குத்த வேண்டும். பயாப்ஸியும் அப்படியே. சீழ் பிடித்த ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்தால் ‘அழற்சி’ என்று மட்டும் விடை வரும், நோய் உள்ளேயே இருக்கும். கெரட்டோசிஸ்ட் சீழ் பட்ட இடத்தில் தன் அடையாளத்தையே இழந்துவிடும். மெல்லிய ஊசியால் செல்லை மட்டும் உறிஞ்சும் முறை சீக்கிரமானது, ஆனால் செல்கள் எப்படி அணிவகுத்து நிற்கின்றன என்பதைக் காட்டாது. இங்கே அணிவகுப்பே அடையாளம். அமெலோபிளாஸ்டோமாவில் ஓரத்துச் செல்கள் வேலிக்கால் நட்டதுபோல வரிசையாக நிற்கும். அவற்றின் உட்கரு வெளி ஓரத்தை விட்டு விலகி, உள்பக்கமாக நகர்ந்து நிற்கும். எனாமல் கட்டப் போகும் செல் அசலில் எப்படி நிற்குமோ அப்படி! 1970இல் விக்கர்ஸ், கோர்லின் இருவரும் இந்த அடையாளங்களை வரையறுத்தார்கள். நடுவில் நட்சத்திர வடிவச் செல்கள் தளர்வாகக் கிடக்கும். இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, கருவில் செய்த வேலையை மறக்காத அந்தச் செல்லை நோய் என்று வெறுக்க எனக்கு மனம் வரவில்லை.

எலும்பும் பல்லும் கலந்த துண்டு என்றால் அதை அமிலத்தில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்த பிறகே மெல்லிதாகச் சீவ முடியும். ஆகவே ரிசல்ட் வர நாளாகும். ‘ஒரு வாரமாச்சே, ஒண்ணும் சொல்லலையே’ என்று ஆய்வகத்தோடு சண்டை போடாதீர்கள்.

ஸ்லைடைப் பார்ப்பவர் யார் என்பதும் முக்கியம். தாடைக் கட்டிகள் அபூர்வம், பொது நோயியல் நிபுணரின் மேசைக்கு வருஷத்தில் சிலவே வரும். பல் மருத்துவத்தில் வாய் நோயியல் என்று தனி மேற்படிப்பே இருக்கிறது. மும்பை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, நாயர் பல் மருத்துவக் கல்லூரி, சென்னையில் தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அந்தத் துறை உண்டு. ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், டென்மார்க்கின் பின்ட்போர்க் 1955இல் விவரித்த ஒரு கட்டி இருக்கிறது. அதன் செல்கள் பார்க்கக் கோணல்மாணலாக, பயங்கரமாக இருக்கும். பழக்கமில்லாதவர் புற்று என்றே எழுதிவிடக் கூடும். உண்மையில் அது மெதுவாக வளரும் புற்றில்லாக் கட்டி. (இதே பின்ட்போர்க் இங்கே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஃபாலி மேத்தாவோடு சேர்ந்து, புகையிலை, வெற்றிலைப் பழக்கத்தால் நம் கிராமத்து மக்களின் வாயில் வரும் நோய்களை ஐம்பதினாயிரம் பேரிடம் ஆராய்ந்தவர்.)

பெயர்களும் அவ்வப்போது மாறும். கெரட்டோசிஸ்டை உலக சுகாதார நிறுவனம் 2005இல் ‘கட்டி’ என்ற பட்டியலில் சேர்த்தது, 2017இல் மறுபடி ‘பை’ என்று திருப்பி எழுதியது. 2022 பதிப்பிலும் பையாகவே இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டில் ஒன்றும் புதியதில் ஒன்றும் இருந்தால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? அமெலோபிளாஸ்டோமா எலும்பின் பஞ்சு போன்ற பகுதிக்குள், எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையையும் தாண்டி, வேர் விட்டிருக்கும். வழக்கமான வகையைச் சுரண்டி மட்டும் எடுத்தால் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்ப வருகிறது. அதனால் தெரியும் எல்லைக்கு அப்பால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுப்பார்கள். இளம் வயதில் வரும் ஒற்றை அறை வகையில், கட்டி பையின் உள்பக்கத்தோடு நின்றிருந்தால் பையை உரித்து எடுத்தாலே போதும் என்பார்கள், சுவருக்குள் இறங்கியிருந்தால் போதாது. இந்த இறங்கியதா இல்லையா என்பது சில சமயம் பை முழுவதையும் எடுத்துப் பார்த்த பிறகே தெரியும். தாடை முழுசாக இருக்குமா, பாதியாகுமா என்பது ஒரு ஸ்லைடில் இருக்கிறது. என் தங்கை மகனுக்குத் தாடையில் ஒரு பகுதியை எடுத்துக் காலிலிருந்து எலும்பு வைத்துக் கட்டினார்கள். இரண்டு வருஷம் முன்னே வந்திருந்தால் சின்ன அளவில் முடிந்திருக்கலாம் என்று அறுவை செய்தவர் சொன்னார்.

2014இல் இன்னொரு வாசல் திறந்தது. இந்தக் கட்டிகள் பலவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற ஒரே இடத்து மாற்றம் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கீழ்த்தாடைக் கட்டிகளில் இது அதிகம். தோல் புற்றுக்கென வந்த டாப்ராஃபெனிப் போன்ற மாத்திரைகளைச் சிலருக்குக் கொடுத்துக் கட்டி சுருங்கியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அறுவைக்கு மாற்று என்று இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் பரவலாக வளர்ந்து வெட்டக் கடினமான நிலையில், எடுத்த சதையில் இந்தச் சோதனையும் செய்யலாமா என்று கேட்பதில் தவறில்லை.

அந்தச் சோதனைக்குச் சதை வேண்டுமே! இங்கேதான் வியாபாரி புத்தி உதவும். எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டையாக ஆய்வகம் வைத்திருக்கும். அதைப் பாரஃபின் பிளாக் என்பார்கள். ஸ்லைடும் பிளாக்கும் எங்கே இருக்கின்றன, எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அதன் எண்ணை ரிப்போர்ட்டோடு எழுதி வையுங்கள். வேறு நிபுணரிடம் காட்ட வேண்டுமானால் கேட்டு வாங்கிப் போகலாம். ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் அவர் படிக்க ஒரு காகிதம்தான் இருக்கும், பார்க்க ஒன்றும் இராது. முதல் ஓ.பி.ஜி.யைத் தூக்கிப் போடாதீர்கள். அமெலோபிளாஸ்டோமா பத்து வருஷத்துக்குப் பிறகும் திரும்பியதுண்டு. அப்போது புதுப் படத்தில் தெரியும் நிழல் பழையதா புதியதா என்று சொல்ல அந்த முதல் படம் வேண்டும். எங்கள் வீட்டில் 2006 முதல் உள்ள எல்லாப் படங்களும் கணக்குப் புத்தகங்கள் இருக்கும் அதே பீரோவில், வருஷ வாரியாக, ஒரே ஃபைலில் இருக்கின்றன.